மூக்கொழுகலும் வாசல் கதவும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் பாலர் மையம் ஒன்றின் நிர்வாகக் குழுவில் இருந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் அப்படியொரு மையத்தின் செயலாளர். பெற்றோர்களே சேர்ந்து நடத்துவது. 28 குழந்தைகள், மூன்று ஆசிரியைகள். 2020 மார்ச்சில் மூடினோம், ஒன்றரை ஆண்டு திறக்கவில்லை. செவிலியராக இருந்த ஒரு தாய், தன் குழந்தையை மட்டுமாவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொன்னது நான்தான். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. நாங்கள் செய்தது தவறா? நாளைக்கே இன்னொரு பெருந்தொற்று வந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பி.கு.: இடைவெளி விட்டு நிற்கத் தரையில் ஒட்டிய பாதச்சுவடு ஸ்டிக்கர்கள் இன்னும் இருக்கின்றன. பிய்த்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

மார்ச்சில் மூடியதற்காக வருந்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்று சொன்னபோது, குழந்தைகள் எவ்வளவு பரப்புவார்கள் என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஃப்ளூவைக் குழந்தைகள் நன்றாகவே வீட்டுக்கு வீடு கொண்டுபோவார்கள். இதுவும் அப்படித்தான் என்று பயந்ததில் பிழையில்லை. நான் கேட்க நினைப்பது, அதன் பிறகு உங்கள் குழு மறுபடி எப்போது கூடியது என்பதைத்தான். டென்மார்க் ஏப்ரல் 15-லேயே சின்னக் குழந்தைகளுக்குக் கதவைத் திறந்தது. ஐந்து நாள் கழித்து நார்வே. ஸ்வீடன் பாலர் பள்ளிகளை மூடவேயில்லை. அமெரிக்காவில் 57,000-க்கும் மேற்பட்ட காப்பகப் பணியாளர்களிடம் நடந்த ஆய்வு அந்த அக்டோபரில் வெளிவந்தது. வேலையைத் தொடர்ந்தவர்களுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும் தொற்றில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. சிறு குழுக்கள், கைகழுவல் என்று கவனமாக நடந்த மையங்கள் அவை. டெல்டா வகைக் கொரோனா பரவுவதற்கு முந்தைய மாதங்கள். எல்லா ஊருக்கும் அது பொருந்திவிடாது. ஆனாலும் உட்கார்ந்து பேச ஒரு காரணம் கிடைத்துவிட்டது, இல்லையா?

திறந்து வைத்திருந்தவர்கள் என்பதால் எங்களைப் பெரிய புத்திசாலிகள் என்று எண்ணிவிடாதீர்கள். தினமும் மாலையில் ஒவ்வொரு மரக்கட்டையையும் பிளீச்சிங் கரைசலில் துடைத்தோம். ஆசிரியை ஒருவருக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. அதே அறையில் ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன, கண்ணாடியில் நாங்கள் ஒட்டிய யானைப் படம் கிழிந்துவிடும் என்று! பொருளைத் தொட்டுத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. அன்று யானையைக் கிழித்தோம்.

எங்களை உண்மையில் ஆட்டிவைத்தது மூக்கொழுகல்தான். சளி, தும்மல், லேசான சூடு எது இருந்தாலும் குழந்தை வரக்கூடாது, பத்து நாள் வீட்டில் என்று விதி போட்டோம். காகிதத்தில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சின்னக் குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். ஆறைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள். அத்தனை நாள் விடுப்பு எந்தத் தாய்க்குக் கிடைக்கும்?

என்ன நடந்தது தெரியுமா? காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிட்டுக் கொண்டுவந்து விட்டார்கள். வாசலில் வெப்பமானி 36.8 காட்டும். பதினொரு மணிக்கு மருந்து இறங்கும், குழந்தை ஆசிரியை மடியில் கொதிக்கும். போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. குழுக் கூட்டத்தில் 'பொறுப்பற்றவர்கள்' என்ற சொல்லை எடுத்தவளே நான். அன்றைக்கு ஓர் அப்பா எழுந்து, "மேடம், உண்மையைச் சொன்னால் எனக்கு வேலை போகும். பொய் சொன்னால் உங்களுக்குக் காய்ச்சல் வரும். நீங்களே சொல்லுங்கள், நான் எதைச் சொல்ல?" என்றார். யாரும் பதில் பேசவில்லை.

அந்த விதியைக் கைவிட்டோம். மூக்கு மட்டும் ஒழுகுகிறது, விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்றால் வரலாம். ஆனால் அன்று முழுக்கத் தாழ்வாரத்துக் குழுவில். காய்ச்சல் என்றால் கூடாது. அது தணிந்து, மருந்தில்லாமல் ஒரு நாள் போக வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னதற்காக யாரையும் கடிந்துகொள்ள மாட்டோம். சொல்லிவிட்டுக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டால் அந்த நாட்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்தக் கடைசி வரிக்குத்தான் குழுவில் சண்டை. கையிருப்பு இல்லாத மையம், சம்பளம் எங்கிருந்து வரும் என்று பொருளாளர் கேட்டது நியாயமான கேள்வி. முடிந்த குடும்பங்கள் முழுக் கட்டணம் கட்டின; பற்றாக்குறையை எப்படியோ இழுத்துப்பிடித்தோம். அதற்குப் பிறகு காலை ஏழு மணிக்கே போன் வரத் தொடங்கியது: "அக்கா, ராத்திரி சூடு இருந்தது, இன்றைக்கு அனுப்பவில்லை." வெப்பமானியை விட அந்த போன்தான் எங்களுக்கு உதவியது.

ஆகவே இன்னொன்று வந்தால், விதியை எழுதும் முன் விடுப்பே கிடைக்காத பெற்றோர் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களால் கடைப்பிடிக்க முடிகிற விதியா என்று பாருங்கள். முகக்கவசத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம். ஐந்து வயதுவரை கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன. பெரியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

அந்தச் செவிலியர் விஷயத்தில் நீங்கள் செய்தது தவறு என்றே நினைக்கிறேன். இங்கிலாந்து 2020 மார்ச்சில் எல்லாவற்றையும் மூடியபோதுகூட, மருத்துவப் பணியாளர் பிள்ளைகளுக்கு இடம் வைத்திருந்தது. ஜெர்மனியிலும் அவசரக் காப்பு என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ஓர் ஆசிரியை, நாலைந்து குழந்தைகள், திறந்த ஜன்னல், உங்களாலும் முடிந்திருக்கும். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அன்றைய நிலைமை அப்படி என்று தொடங்காதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்திருக்கும். "யோசிக்காமல் முடியாது என்றுவிட்டேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பேசுவாரா என்று எனக்குத் தெரியாது.

ஸ்டிக்கர்களைப் பிய்க்க வேண்டாம். எங்கள் மையத்தில் அவற்றின்மேல் தவளைப் பாய்ச்சல் நடக்கிறது. மூன்றாவது சுவட்டில் ஓரம் கிளம்பி ஒருத்தி தடுக்கி விழுந்தாள், அதை மட்டும் மாற்றினோம்.