சொட்டு மருந்தை நிறுத்தலாமா, டாக்டர்?

ராமேசுவரம் தீவு, கீழக்கரை, தொண்டிப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளில் கண் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு 52 வயது. நாட்டுப்படகில் வலைக்குப் போகிறேன். புரை இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் 'கண்ணில் பிரஷர்' என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். வலி இல்லை. தூரத்துப் படகு விளக்கும் நன்றாகத் தெரிகிறது. இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா?

பதில்: போடத்தான் வேண்டும். இன்று இரவே மறுபடி தொடங்குங்கள், இந்த வாரமே கண் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். 'ஒன்றும் ஆகவில்லை' என்று நீங்கள் நினைப்பதுதான் எனக்குக் கவலை. பார்வை நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. இந்த நோயில் பெரும்பாலும் பக்கப் பார்வைக்கான இழைகள்தான் முதலில் சாகும். ஓரத்துக் கண்ணிகள் அறுந்த வலை நடுவில் மீனைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் வலையைக் கோத்துவிடலாம், இந்த நரம்பைக் கோக்க முடியாது. ஒரு கண்ணில் விட்டுப்போனதை மறு கண் ஈடுகட்டிவிடுவதால் பல வருடம் தெரியாமலே போகும்.

புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். இதில் போனது போனதுதான். இருப்பதைக் காக்கத்தான் சொட்டு மருந்து, சிலருக்கு லேசர், சிலருக்கு ஆபரேஷன். கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். ஆனால் நரம்பு ஏற்கெனவே கெட்டவருக்கு 18 கூட அதிகமாக இருக்கலாம். உங்களுக்கு எவ்வளவு இருக்க வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். விலை குறைந்த மருந்துகள் உண்டு.

படகில் போடுவதாக இருந்தால் உப்புக் கையை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடாதீர்கள். பரிசோதனைக்குப் போகும் நாளிலும் மருந்தை நிறுத்தாமல் போட்டுவிட்டுப் போங்கள். அப்போதுதான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்.

கேள்வி: சொட்டு மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார்கள். கடலுக்கு எப்படிக் கொண்டுபோவது?

பதில்: லட்டானோப்ராஸ்ட் போன்றவற்றைத் திறக்கும்வரைதான் ஃப்ரிட்ஜ், அதுவும் ஃப்ரீசரில் அல்ல. திறந்தபின் வெயில் படாத குளிர்ந்த இடம் போதும். திறந்த தேதியைப் புட்டியில் எழுதி, உறையில் போட்டிருக்கும் கெடு முடிந்ததும் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: பாம்பன் பக்கம் பாசி எடுக்கிறேன். உப்புத்தண்ணியில் கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு வாங்கிப் போடுவேன். இப்போது எனக்கும் பிரஷர் என்கிறார்கள். நீரில் மூழ்கலாமா?

பதில்: முதலில் அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கண் சிவப்புக்குக் கடையில் தரும் சொட்டுகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. சிவப்பு உடனே மறையும், ஆனால் தொடர்ந்து போட்டால் சிலருக்குக் கண் அழுத்தத்தை அதுவே ஏற்றிவிடும். சீட்டு இல்லாமல் இனி எந்தச் சொட்டும் வாங்காதீர்கள். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் இவையும் வேண்டாம்; அழுத்தத்தைக் குறைக்காது, கிருமியைத்தான் கொண்டுவரும்.

உங்கள் பிழைப்பை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. கண்குழியை இறுக்கும் சின்ன நீச்சல் கண்ணாடி, அணிந்திருக்கும் நேரத்தில் அழுத்தத்தைக் கூட்டும். மூக்கையும் சேர்த்து மூடும் பெரிய கண்ணாடி மேல். பட்டையைத் தளர்த்திக் கட்டுங்கள், மேலே வரும்போது கழற்றுங்கள். நோய் முற்றியிருந்தால் மூழ்கலாமா என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். இதற்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் அவர் அனுமதி இல்லாமல் கடலில் இறங்கவே கூடாது. எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் அந்தக் கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் அன்றைக்கே போய்விட வேண்டும்.

கேள்வி: கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். நோன்பு நேரத்தில் என் தாயார் சொட்டு மருந்தை ஒரு மாதம் நிறுத்திவிடுகிறார்கள்.

பதில்: ஒரு மாதம் மிக நீளம். கண்ணில் போடும் சொட்டு நோன்பை முறிக்காது என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து. உங்கள் ஆலிமிடமே அம்மாவை அழைத்துப் போய்க் கேளுங்கள், நான் சொல்வதைவிட அவர் சொன்னால் மனம் ஒப்பும். மூக்கோரத்தை அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும். அப்படியும் தயங்கினால், தினம் ஒரு வேளை மருந்தை இரவிலும், இரு வேளை மருந்தை ஸஹரிலும் (விடியுமுன் உண்ணும் நேரம்) இஃப்தாருக்குப் (நோன்பு திறப்பு) பிறகும் போடலாம். மூன்று வேளை மருந்தோ மாத்திரையோ என்றால் ரமலானுக்கு முன்பே மாற்று கேட்டுவிடுங்கள். நோன்பு திறந்ததும் ஒரே மூச்சில் லிட்டர் தண்ணீர் குடிப்பதும் அழுத்தத்தை ஏற்றும். கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும்.

கேள்வி: சொட்டு தொடங்கியதிலிருந்து என் கணவருக்கு இளைப்பு வருகிறது. சம்பந்தம் உண்டா?

பதில்: இருக்கலாம். டிமோலால் கலந்த சொட்டு ஆஸ்துமாக்காரர்களுக்கும் இதயத் துடிப்பு மெதுவாக உள்ளவர்களுக்கும் ஆகாது. அடுத்த சொட்டு போடாமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள், வேறு மருந்து தருவார்கள். மூச்சுத் திணறினால் நேராக அவசரப் பிரிவு.

கேள்வி: திடீரென்று கண் சிவந்து, தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். ஒற்றைத் தலைவலியா?

பதில்: திடீர் கண் அழுத்தமாக இருக்கலாம். விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள், சில மணி நேரத்தில் பார்வை பறிபோகலாம்.

கேள்வி: அப்பாவுக்கு இருக்கிறது. பிள்ளைகளான எங்களுக்கு?

பதில்: உங்களுக்கும், அப்பாவின் உடன்பிறந்தவர்களுக்கும் மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். 40 வயதைத் தாண்டியவர்கள் இப்போதே பாருங்கள். இளையவர்கள் எப்போது தொடங்குவது என்று அப்பாவின் மருத்துவரிடம் கேளுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துப் பார்ப்பது போதாது. அழுத்தம் அளந்து, கண் பாப்பாவை மருந்தால் விரித்து நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.