எட்டுப் பாகை சனி

வணக்கம் ஐயா. 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று டிவியில் சொன்னதைக் கேட்டு என் அப்பா திருநள்ளாறு கிளம்பினார். கோயில் தரப்பிலோ, நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கம், எங்களுக்குப் பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்துவிட்டார்கள். என் மகன் சிரிக்கிறான். "ஒரு கிரகம் எங்கே இருக்கிறது என்பதிலேயே குழப்பம், கேட்டால் மாற மாட்டோம் என்பீர்கள், அறிவியலும் மதமும் ஒரே வீட்டில் இருக்கவே முடியாது" என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வீடு என்ன, ஒரே பஞ்சாங்கத்துக்குள்ளேயே இரண்டும் குடியிருக்கின்றன. 2025 செப்டம்பர் 7 இரவு 9.57-க்கு நிலாவில் நிழல் விழ ஆரம்பித்தது, கோயில்கள் அதைக் கணக்கு வைத்துத்தான் நடை சாத்தின. மற்ற எல்லாவற்றுக்கும் பழைய மனப்பாட அட்டவணைகளை வைத்துக் கணிக்கிற வாக்கியம்தான் என்று நிற்பவர்கள்கூட கிரகணம் என்று வந்தால் பெரும்பாலும், வானில் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகிற திருக்கணித நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். டிவியில் சொன்ன சனிப்பெயர்ச்சித் தேதியும் திருக்கணிதம்தான். இதைப் பற்றி யாரும் மேடை போட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஏன் கிரகணத்துக்கு மட்டும்? 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தரையில் சோழிகளை வைத்து, அட்டவணைகளை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, வரப்போகும் சந்திர கிரகணத்தை ஜான் வாரன் என்ற வானியல் ஆய்வாளருக்குக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. காகிதமே இல்லாமல் இது அசாத்திய வித்தை, சந்தேகமே இல்லை. ஆனால் 52 நிமிடப் பிசகு வாசலில் நின்று பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும்.

சனி விஷயம் அப்படியில்லை. இரண்டு கணக்குக்கும் நடுவே இப்போது சுமார் 8 பாகை (டிகிரி) வித்தியாசம், அதாவது பதினாறு முழு நிலவை வரிசையாக வைக்கிற அகலம். சனி வெறும் கண்ணுக்குத் தெரிகிற கிரகம்தான், இருந்தாலும் திருநள்ளாற்றின் நளன் குளத்தில் முழுக்குப் போடுகிறவர் அண்ணாந்து பார்த்து ராசியைச் சரிபார்ப்பதில்லை. யாரும் கேட்காததால் மாறவில்லை. மதம் மாறாது என்று உங்கள் மகன் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்க்கிறவன் முன்னால் மாறும், மாறியதை வெளியே சொல்லாது.

அறிவியல் மட்டும் சட்டென்று மாறிவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. புதன் கிரகத்தின் பாதை நியூட்டன் கணக்குக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்று 1859-இல் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கண்டார். கணக்கைக் கைவிட மனசு வரவில்லை, சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கிரகம் இருக்கும் என்று சொல்லி அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்து, வருஷக்கணக்கில் தேடினார்கள். 1915-இல் ஐன்ஸ்டைன் வந்துதான் அது தீர்ந்தது. ஆனால் இத்தனை பாடும் எவ்வளவு பிசகுக்கு என்று பாருங்கள்: நூறு வருஷத்துக்கு 43 விகலை. ஒரு பாகைக்கு 3,600 விகலை. எட்டுப் பாகையோடு நிம்மதியாக இருக்க முடிகிறவர்களும், 43 விகலை உறுத்தித் தூக்கம் கெடுகிறவர்களும் வேறு வேறு வேலை பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு வேலையையும் ஒருவரே பார்த்ததும் உண்டு. சென்னை வானாய்வுக்கூடத்தில் இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். அவரேதான், கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்தியாக வேண்டும் என்று கிளம்பியவரும். அதாவது திருக்கணிதம் என்பது நாத்திகர்கள் கொண்டுவந்து திணித்த சரக்கு இல்லை, பண்டிகையைச் சரியான நாளில் கொண்டாட நினைத்தவர்களின் கவலை.

அதற்காகச் சரியான கணக்கு கையில் இருந்தால் ஜனங்கள் தானாக மாறிவிடுவார்கள் என்றும் உங்கள் மகன் நினைக்க வேண்டாம். வானியற்பியலாளர் மேக்நாத் சாகா தலைமையில் குழு போட்டு, பருவங்களோடு பொருந்துகிற தேசிய நாட்காட்டி ஒன்றைத் தயாரித்து, 1957 மார்ச் 22 முதல் அரசு அதை நடைமுறைக்கும் கொண்டுவந்தது. அரசிதழில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது. இன்று அதில் என்ன தேதி என்று அவனையே கேட்டுப் பாருங்கள்.