மாத்திரை கொடுத்தும் மகளுக்கு ரத்தம் ஏறவில்லையே (மன்னார்குடி)

மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். பத்தாவது படிக்கும் மகள் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கின கையோடு டீ குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஹீமோகுளோபின் 9-லேயே நிற்க அதுவே போதும். டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. பாலும் அப்படித்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், குமட்டலும் குறையும். மலம் கறுத்தால் பயம் வேண்டாம்.

பள்ளியில் கொடுத்த பூச்சி மாத்திரையைப் போட்டாளா என்று கேளுங்கள். வரப்பில் வெறுங்காலோடு நடக்கிற பிள்ளை என்கிறீர்கள். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் ரத்தத்தை உறிஞ்சும். செருப்பு அவசியம்.

மகளுக்கு வரும் மயக்கத்தைக் காட்டிப் படிப்பை நிறுத்தச் சொல்லும் பாட்டி பேச்சை தயவுசெய்து கேட்காதீர்கள், இது சரியாகிற விஷயம்.

ஆனால் மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் அளவு ஏறாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிவிடுங்கள்.