ஒழுங்காகக் கட்டிய என் கடனை வங்கி ஏன் இன்னொருவருக்கு விற்றது?

கடனை விற்றுவிட்டோம் என்று வந்த கடிதத்தைக் கண்டதும் "நான் என்ன களவா எடுத்தேன்" என்றுதான் உங்களுக்கும் தோன்றியிருக்கும். ஒழுங்காகக் கட்டுகிறவருக்குத்தான் அந்தக் கோபம் வரும். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நிதிக் கம்பனியின் கடன் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன். கம்பனிக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கிளை கொடுத்த கடனில் பெரும்பங்கு லான்ட்மாஸ்டருக்கும் (இருசக்கர உழவு இயந்திரம்) ஓட்டோவுக்கும்தான். ஒரு போகம் வெங்காயம் விலை விழுந்தது. புத்தூர், அச்சுவேலி, உரும்பிராய் என்று எல்லாப் பக்கமும் ஒரே மாதத்தில் தவணை நின்றது. தோட்டக்காரர் கையில் காசு இல்லையென்றால் ஓட்டோவில் ஏற ஆள் ஏது? தனித்தனியே பார்த்தால் எல்லோரும் நாணயமானவர்கள், ஆனால் எல்லோருடைய காசும் ஒரே மண்ணில் கிடந்தது. தலைமை அலுவலகம் பயந்தது அதற்குத்தான். நல்ல கடன்களையும் சேர்த்து ஒரு பகுதியை வேறு கம்பனிக்கு விற்றார்கள்.

வங்கி விற்றாலும் இதே கதைதான். காசு உடனே கைக்கு வரும், அந்தக் கடனுக்காக முடங்கியிருந்த மூலதனமும் விடுபடும் (கொடுத்த கடன் முதலிய சொத்துகளை இடருக்கேற்ப நிறை போட்டு, அதில் குறைந்தது 8% அளவுக்கு வங்கி மூலதனம் வைத்திருக்க வேண்டும் என்பது பாசல் எனும் சர்வதேச வங்கி விதி). நிலுவை விழுந்த கடன் என்றால் கழிவு விலைக்குத்தான் போகும். ஆனால் "கெட்டுப்போனால் நானே திரும்ப எடுக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்து விற்றால் இடர் வீட்டை விட்டுப் போகவேயில்லை, அது வெறும் கண்கட்டு.

எங்கள் கம்பனி கடன்களை விற்றபோது ஒரு ஐயா கடிதத்தோடு வந்து, "தம்பி, என்னைக் கேளாமல் என்னை வித்துப்போட்டியளோ?" என்றார். கடிதம் முழுக்க ஆங்கிலம். 1987 இல் தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று, ஒரு லான்ட்மாஸ்டர்காரருக்குத் தமிழில் நாலு வரி எழுத இவர்களுக்கு என்ன கேடு? கேட்டால் மொழிபெயர்க்க ஆள் இல்லையாம். விளங்காமல் அவர் பழைய கணக்குக்கே இரண்டு தவணை கட்டிவிட்டார், புதிய கம்பனி தாமதக் கட்டணம் போட்டது. நல்லவேளை, பற்றுச்சீட்டுகளை பிஸ்கட் ரின்னில் அடுக்கி வைத்திருந்தார்.

உங்கள் வட்டியும் தவணையும் விற்பனையால் மாறாது, ஒப்பந்தம் அதேதான். எந்தக் கணக்கில், எந்தத் திகதியிலிருந்து கட்டுவது என்பதை மட்டும் இரு பக்கத்திலும் எழுத்தில் கேளுங்கள்.

ஐயாவின் காசை மூன்று கிழமை அலைந்து திருப்பி எடுத்துக் கொடுத்தேன். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.