சுறாவுக்கு எலும்பு இல்லை, ஆனாலும் முதுகெலும்பி!

கேள்வி: கணவாயை அறுத்தால் உள்ளே வெள்ளையாக ஓடு வருகிறது. சுறாவுக்கோ எல்லாம் குருத்துதான். ஆனால் மகளின் பாடப்புத்தகத்தில் சுறா முதுகெலும்புள்ளது, கணவாய் இல்லாதது என்று போட்டிருக்கிறது. மாற்றி அச்சடித்துவிட்டார்களா?
– ஒரு வாசகி, பாம்பன்

பதில்: இல்லை, புத்தகம் சரிதான். எலும்பா குருத்தா என்று பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும், அது உடம்பில் எங்கே இருக்கிறது, எதைக் காக்கிறது என்று பாருங்கள். மூளையைச் சுற்றி மண்டையோடு, மூளையிலிருந்து முதுகுப் பக்கமாக வால்வரை இறங்கும் தண்டுவடம், அந்தத் தண்டுவடத்துக்குக் காவலாக வரிசையாகக் கோத்த முள்ளெலும்புகள், இவ்வளவும் இருந்தால் முதுகெலும்பி. அடுத்த தடவை சுறாப்புட்டுக்கு மீனை அவித்து உதிர்க்கும்போது நடுவில் வட்ட வட்டமாக வருமே, அதை எறியுமுன் கொஞ்சம் பாருங்கள், அதுதான் சுறாவின் முதுகெலும்பு. சுண்ணாம்பு ஏறிக் கெட்டிப்பட்ட குருத்து. அதில் உள்ள வளையங்களை எண்ணித்தான் சுறாவின் வயதையே கணிக்கிறார்கள்.

கணவாய் ஓடு வேறு சமாச்சாரம். கணவாய் சங்கு, சிப்பிகளின் சொந்தக்காரன், அவற்றுக்கு வெளியே இருக்கிற ஓடு இதற்கு உள்ளே போய்விட்டது. அதில் நுண்ணிய அறைகள், அவற்றில் வாயுவும் நீரும், அந்த அளவைக் கூட்டிக் குறைத்து மிதக்கிறது. தண்டுவடம் எதுவும் அதற்குள் ஓடவில்லை. கணவாய் பெரிய மூளைக்காரன்தான், ஆனால் இந்தக் கணக்கில் புத்திக்கு மார்க் கிடையாது.

இறாலையும் சொல்லிவிடுகிறேன். முதுகைக் கீறி நாம் இழுத்துப் போடும் கறுப்பு 'நரம்பு' உண்மையில் குடல். அதன் நரம்புவடம் வயிற்றுப் பக்கம் ஓடுகிறது, அதனால் இறாலும் நண்டும் இந்த வரிசையில் வராது.

இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆட்களும் உண்டு. முதுகெலும்பிகள் எல்லாவற்றுக்கும் கருவில் முதலில் முதுகுநாண் என்ற வளையும் தண்டுதான் உருவாகும், அப்புறம் அதைச் சுற்றித்தான் முள்ளெலும்பு. படகின் அடியிலும் பாலத் தூண்களிலும் ஒட்டிக்கொண்டு, அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும் கடற்பீச்சி குஞ்சாக இருக்கும்போது தவளையின் தலைப்பிரட்டை மாதிரி நீந்தும், அப்போது வாலில் முதுகுநாண் இருக்கும், ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதும் வாலோடு அதுவும் போய்விடும். சின்ன வயதில் இருந்ததே என்று அதை முதுகுநாணிகளோடு சேர்த்துக்கொண்டார்கள். முள்ளெலும்பு கடைசிவரை வராததால் முதுகெலும்பிகளில் இடம் கொடுக்கவில்லை.