தென்னைக் குழிக்கு 36 அங்குல ஆகர் பிட் (மண்ணைத் துளைத்துக் குழி போடும் சுருள் கருவி) வாங்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கம் 5 ஏக்கரில் தென்னை வைக்கப் போகிறேன். மேலே ஒன்றரை அடி செம்மண், கீழே சரளை. மாட்டுப் பண்ணைக்கு வாங்கிய ஸ்கிட் ஸ்டீர் வண்டி (முன்னால் கருவிகளை மாட்டி ஓட்டும் சிறிய லோடர்) இருக்கிறது. அதில் மாட்டிக் குழி போட 24 அங்குல பிட் போதுமா, 36 அங்குலமா?

பதில்: தென்னைக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 3 அடி, அதாவது 27 கன அடி மண் வெளியே வர வேண்டும். 36 அங்குல பிட் 3 அடி இறங்கினால் 21 கன அடி வரும். 24 அங்குலத்தில் ஒன்பதரைதான். மீதியை ஆள் வைத்து வெட்டுவதென்றால் வண்டி எதற்கு? 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 கன்று; உங்களுக்கு 350 குழி. ஆகவே அளவில் 36தான் சரி. அதை உங்கள் வண்டி சுற்றுமா என்பதுதான் விஷயம்.

24-இலிருந்து 36-க்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்குதான் கூடுகிறது. ஆனால் சுற்றத் தேவைப்படும் டார்க் (முறுக்கு விசை) இரண்டேகால் மடங்காவது ஆகும். அதைத் தருவது பிட்டுக்கு மேலே இருக்கும் ஹைட்ராலிக் டிரைவ், அதாவது ஆயில் அழுத்தத்தில் சுற்றும் மோட்டார். வண்டியின் ஆயில் ஓட்டம் பிட் சுற்றும் வேகத்தையும், பிரஷர் டார்க்கையும் தீர்மானிக்கின்றன. வண்டிப் புத்தகத்தில் இந்த இரண்டு எண்ணையும் பார்த்து, டிரைவின் தகட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அந்த டிரைவுக்கு அதிகபட்சம் எத்தனை அங்குல பிட், எந்த மண்ணில், என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். "எல்லாம் சுத்தும் சார்" என்பதை நம்ப வேண்டாம். மணல்பாங்கான மண்ணில் சுற்றுவது சரளையில் நின்றுவிடும். டிரைவ் ஷாஃப்ட்டும் அது நுழையும் பிட்டின் ஹப்பும் ஒரே அளவா என்பதையும் பாருங்கள்.

பிட்டின் பல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். சரளைக்கு கார்பைடு முனை வைத்த, கழற்றி மாட்டக்கூடிய பல் வேண்டும். வெளி ஓரப் பல்தான் அதிக தூரம் சுற்றி வருவதால் முதலில் தேயும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் குழி குறுகி பிட் இறுகிக்கொள்ளும், பிட்டின் சுருள் தகடும் தேய்ந்துபோகும். உதிரிப் பல் பக்கத்து ஊரில் கிடைக்காத பிட்டை வாங்காதீர்கள்.

வாங்கும் முன் வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் கடப்பாரையால் 3 அடி தோண்டிப் பாருங்கள். கைப்பிடி அளவுக் கல் என்றால் பிட் சமாளிக்கும். தலையளவு கல்லோ சுக்காம்பாறையோ தென்பட்டால் ஆகரை மறந்துவிட்டு ஜேசிபியைக் கூப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால், 350 குழிக்காகச் சொந்தமாக வாங்க வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். முதலில் பத்து குழி போட்டுப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யலாம். மற்ற மர நடவும் கம்பி வேலியும் வருடா வருடம் இருந்தால் மட்டும் வாங்குவது கட்டுப்படியாகும்.

ஓட்டும்போது ஒரே மூச்சில் 3 அடி இறக்காதீர்கள். ஒரு அடிக்கு ஒருமுறை மேலே தூக்கி மண்ணைச் சுழற்றி உதறுங்கள். பிட் சுற்றும்போது யாரும் கிட்டே வரக்கூடாது, மண்ணைக் கையால் தள்ளவும் கூடாது. மோட்டார் ஒயரும் சொட்டுநீர்க் குழாயும் எங்கே புதைந்திருக்கின்றன என்று முன்பே குறித்துவிடுங்கள். ஈர மண்ணில் பிட் குழிச் சுவரைப் பூசினாற்போல் வழவழப்பாக்கிவிடும். வேர் நுழையாது, தண்ணீர் தேங்கும். அப்படி இருந்தால் கடப்பாரையால் சுவரைக் கொத்திவிடுங்கள். பிறகு தொழுவுரம், செம்மண், மணல் மூன்றையும் சம அளவில் கலந்து 2 அடி உயரத்துக்கு நிரப்பிக் கன்றை வையுங்கள்.