வாலில் இருந்த கறுப்பு

கேள்வி: மகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு, கனடாவிலிருந்து வந்திருந்த என் தம்பி இரண்டடி மீன் தொட்டியும் ஆறு கோல்ட் ஃபிஷ்ஷும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றைக்கே தண்ணீர் நிரப்பி மீனையும் விட்டோம். மூன்று கிழமையில் நாலு மீன் செத்துவிட்டது. தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி மங்கிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கல், ஃபில்டர் ஸ்பொஞ்ச் எல்லாவற்றையும் பைப்பில் பிடித்து நன்றாகக் கழுவித்தான் வைக்கிறேன். கடைக்காரர், "டாங்க் இன்னும் சைக்கிள் ஆகேல்லை, தண்ணியை மாத்துங்கோ" என்கிறார். மேல் ஃபிளாட்டில் இருப்பவர் தண்ணீரைத் தொடவே கூடாது என்கிறார். கணவர் வேலையால் வர ஏழு மணியாகும். மகனுக்கு மீன் செத்தது தெரியாது. அவன் பள்ளிக்கூடத்தால் வருமுன் மாமி செத்த மீனை லஞ்ச் ஷீற்றில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய், அதே நிறத்தில் ஒன்று பார்த்து வாங்கி வந்து விட்டுவிடுவா. போன கிழமை மட்டும், "அம்மா, இதுக்கு வாலிலை கறுப்பு இருந்ததே, எங்கே?" என்று கேட்டான். கழுவிவிட்டோம் என்று சொல்லிச் சமாளித்தோம்! மீன் இருக்கும்போதே தண்ணீரைச் சரிக்கட்ட முடியுமா? எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவா?

— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: "சமாளித்தோம்" என்பதற்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நானும் சேர்ந்து சிரிப்பேன் என்று நினைத்துப் போட்டிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுத் தொட்டி வைத்து மூன்றாவது கிழமையில் மீன் சாகிறது என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். மருந்து எல்லாருக்கும் ஒன்றுதான், உங்களுக்கும் சொல்கிறேன். அதற்கு முதல் அந்த வாலைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் கோல்ட் ஃபிஷ்ஷின் வாலிலோ செட்டையிலோ புதிதாகக் கறுப்புப் படர்ந்தால், பெரும்பாலும் அது அமோனியா சுட்ட இடம். சுட்ட தோல் ஆறத் தொடங்கும்போது அந்த நிறம் வரும். சில மீன்களுக்குப் பிறவியிலேயே கறுப்பு இருக்கும், வளர வளர நிறம் மாறுவதும் உண்டு. உங்கள் மீனுக்குக் கடையிலிருந்து வரும்போதே அது இருந்ததா, பிறகு வந்ததா? உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பார்க்கவில்லை. மகனைக் கேளுங்கள், எந்த நாள் வந்தது என்றுகூடச் சொல்வான். அந்தத் தொட்டிக்கு முன்னால் நின்று மீனை மீனாகப் பார்த்த ஒரே ஆள் அந்த ஏழு வயதுப் பிள்ளை. வருத்தத்தின் அடையாளத்தை அவன் கண்டுபிடித்துத் தாயிடம் கொண்டுவந்தான். நீங்கள் அவனுடைய கண்ணைப் பொய்யாக்கிவிட்டீர்கள்.

அவன் நம்பியிருப்பான் என்றா நினைக்கிறீர்கள்? கறுப்பைக் கழுவலாம் என்று ஏழு வயதுப் பிள்ளை நம்பாது. இந்த வீட்டில் கேட்கக்கூடாத விஷயங்கள் சில உண்டு என்று விளங்கிக்கொண்டு பேசாமல் போயிருப்பான். பத்து வருடம் கழித்து, அவன் எதையும் சொல்கிறானில்லை என்று எனக்கு நீங்கள் எழுதுவீர்கள். அப்படி எழுதும் தாய்மாரின் கடிதங்களையும் நான்தான் படிக்கிறேன்.

மாமியை இதற்குள் இழுத்தது எனக்கு இன்னும் கோபம். அவவுக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. வெள்ளவத்தை வெயிலில், காலி வீதியைக் கடந்து, செத்த மீனை லஞ்ச் ஷீற்றில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று செம்மஞ்சளுக்குச் செம்மஞ்சள் ஒத்துப் பார்க்கிற மனுசியை நினைத்துப் பாருங்கள். சோற்றுப் பார்சல் சுற்றுகிற தாளில் நாலு தரம் கொண்டுபோயிருக்கிறா. எங்கள் வீடுகளில் தாயும் தகப்பனும் ஏசினால் பிள்ளை ஓடிப்போய் ஒளிவது அப்பம்மாவின் சேலைக்குப் பின்னால்தான். அந்த ஓர் ஆளாவது அவனுக்கு நேராகச் சொல்கிற ஆளாக இருக்க வேண்டாமா? மூத்தவர்களிடம் உதவி கேட்கலாம், தப்பில்லை. பொய்க்குக் காவல் நிற்கச் சொல்லிக் கேட்கக் கூடாது.

மீன் சாவதற்கும் இந்த ஒளிப்புத்தான் பாதிக் காரணம். சாதாரண தரத்தில் நைதரசன் வட்டம் படித்திருப்பீர்கள். மீன் பூவால், அதாவது செவுளால், அமோனியாவை வெளியே விடும். கழிவும் மிஞ்சிய தீனும் அழுகி இன்னும் கொஞ்சம் அமோனியா சேரும். ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் குறைத்துக்கொண்டால் போதும். இந்த இரண்டு வகைப் பற்றீரியாவும் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி நிரம்பப் பொதுவாக 4 முதல் 6 கிழமை பிடிக்கும். கடைக்காரர் சைக்கிள் என்றது இதைத்தான். நீங்களோ ஒரு மீன் சாகச் சாக எல்லாவற்றையும் பைப்பில் பிடித்துக் கழுவி, வளர்ந்த கொஞ்சத்தையும் குளோரினால் கொன்று, அதற்குமேல் புது மீனையும் விட்டிருக்கிறீர்கள். உங்கள் தொட்டிக்கு மூன்று கிழமை வயது ஆகவில்லை. கடைசியாகக் கழுவிய நாள்தான் அதன் முதல் நாள்.

ஒரு மீன் செத்தபோதே, "செத்துப்போச்சு, ஏனென்று பார்ப்பம்" என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தால், ஏனென்று பார்த்துமிருப்பீர்கள். மிச்ச மீன் குறைவாக இருந்திருக்கும், நஞ்சும் குறைந்திருக்கும். மறைக்க வேண்டியிருந்ததால் எண்ணிக்கையை ஆறிலேயே பிடித்து வைத்தீர்கள்.

கொழும்பு வெக்கையும் ஒரு பக்கம் வேலை செய்கிறது. தண்ணீரிலுள்ள அமோனியாவில் ஒரு பகுதிதான் கொடிய நஞ்சு. சூடும் காரத்தன்மையும் ஏற ஏற அந்தப் பகுதி கூடும். 28 பாகையில் பிஎச் 7 என்றால் நூற்றில் 1கூட வராது, பிஎச் 8 என்றால் 6, 7 ஆகிவிடும். சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு, கோல்ட் ஃபிஷ்ஷோ குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன். கடற்கரைப் பக்கம் பார்த்த ஜன்னலருகில் தொட்டி இருந்தால் பின்னேர வெயில் படாத சுவருக்கு மாற்றுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியும், மீனை வைத்துக்கொண்டே செய்யலாம். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம், தொடங்கித் தொடங்கித்தானே இந்த நிலை. கடைக்காரரும் மேல் ஃபிளாட்காரரும் ஆளுக்குப் பாதி சரி. தண்ணீரை மாற்றுங்கள், ஸ்பொஞ்சைத் தொடாதீர்கள். பற்றீரியா தண்ணீரில் மிதந்து திரிவது மிகக் குறைவு, ஆகவே கால்வாசித் தண்ணீர் போனால் அதற்கு ஒன்றும் ஆகாது. மங்கலைக் கண்டு பயந்து முழுவதையும் ஊற்றாதீர்கள், புதுத் தொட்டியில் அது வரும், தானாகத் தெளியும். ஸ்பொஞ்ச் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடாவிட்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் விட்டு அதில் இரண்டு தரம் பிழியுங்கள்.

அமோனியாவும் நைத்திரைற்றும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். மாற்று மீனுக்குக் கொடுத்த காசை இதற்குக் கொடுத்திருக்கலாம். முதல் இரண்டு கிழமை தினமும் பாருங்கள். எது லீற்றருக்கு 0.25 மில்லிகிராமுக்கு எழும்பினாலும் அன்றைக்கே கால்வாசி மாற்றுங்கள், 1ஐத் தொட்டால் பாதி. இரண்டடித் தொட்டியில் தண்ணீர் ஐம்பது லீற்றர் அளவில் இருக்கும், கால்வாசி என்றால் பெரிய வாளி ஒன்று. அந்த வாளியை உங்கள் கணவர் தூக்கட்டும். ஏழு மணிக்கு வந்தாலும் பரவாயில்லை, மீன் எட்டு மணிக்கும் விழித்துத்தான் இருக்கும். பிள்ளையின் தொட்டி அவருக்கும் சொந்தம். உங்கள் கடிதம் முழுவதிலும் அவருக்கு ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

குழாய்த் தண்ணீரை நேரே ஊற்றாதீர்கள். அம்பத்தளையில் களனி கங்கைத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அது நாங்கள் குடிக்க நல்லது, மீனின் பூவுக்கும் பற்றீரியாவுக்கும் கேடு. மீன் கடையில் குளோரின் முறிக்கும் திரவம் விற்கிறார்கள், போத்தலில் சொன்ன அளவு விடுங்கள். இல்லையென்றால் வாளியைத் திறந்தபடி ஒரு நாள் வையுங்கள்.

தீன் ஒரு நாளைக்கு ஒரு தரம், ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. இடையில் ஒரு நாள் போடாமல் விட்டாலும் மீன் சாகாது. நைத்திரைற்று ஏறினால் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் கபில நிறமாகிவிடும். அப்போது லீற்றருக்கு ஒரு கிராம் கணக்கில் ஐம்பது கிராம் கல்லுப்பை வாளித் தண்ணீரில் கரைத்துக் காலையில் பாதி, பின்னேரம் பாதியாக விடுங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு நைத்திரைற்றைப் பூவுக்குள் நுழைய விடாது. பிறகு மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்பைச் சேர்த்தால் போதும்.

இதையெல்லாம்விட விரைவாக ஒரு வழி இருக்கிறது. பல மாதம் நோயில்லாமல் ஓடுகிற தொட்டி யாரிடமாவது இருந்தால், அதிலிருந்து ஊறிய ஸ்பொஞ்ச் துண்டு ஒன்றை ஈரத்தோடு வாங்கிவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். மேல் ஃபிளாட்காரரிடம் தொட்டி இருந்தால் அவரிடமே கேளுங்கள், புத்தி சொன்னவர் ஸ்பொஞ்சும் தரட்டும். 2022இல் 13 மணித்தியாலம் வரை கறன்ட் போன நாட்களில் என் ஃபில்டரும் நின்று, ஸ்பொஞ்ச் நாற்றம் எடுத்து, ஐந்து வருடத் தொட்டி புதுத் தொட்டியாகிவிட்டது. இரண்டு தெரு தள்ளியிருந்த ஒருவர் தந்த உள்ளங்கை அளவு ஸ்பொஞ்சால்தான் மிச்ச மீன் பிழைத்தது. அதனால்தான் சொல்கிறேன், ஃபில்டரை இரவில் சத்தம் என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஆறு கோல்ட் ஃபிஷ் அந்தத் தொட்டிக்கு அதிகம். சரியாக வளர்த்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும், ஒரு முழத்தில் பாதிக்கு வளரும் மீன் அது. பெரிய தொட்டி வைத்திருக்கும் யாருக்காவது நாலைக் கொடுங்கள், அல்லது கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். எதைக் கொடுப்பது என்று மகன் தெரிவு செய்யட்டும். பாவம் பார்த்து வெள்ளவத்தைக் கால்வாயில் விட வேண்டாம், அது பாவத்தோடு பாவம். அமோனியாவும் நைத்திரைற்றும் ஒரு கிழமை முழுக்கப் பூச்சியத்தில் நிற்கும்வரை புது மீன் ஒன்றும் வாங்க வேண்டாம்.

சொட்டு மருந்தை எண்ணி விடும் வேலையை மகனிடம் கொடுங்கள். குழாயை ஆட்டி, ஐந்து நிமிடம் பொறுத்து, வந்த நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்க்கட்டும். நிறம் பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன் என்று அவனே காட்டிவிட்டான். ஒரு கொப்பியில் திகதியும் அளவும் அவன் கையால் எழுதட்டும். தொடங்குமுன் நாலு மீன் செத்ததைச் சொல்லுங்கள், எந்த எந்த மீன் என்றும் சொல்லுங்கள். அழுவான், அழட்டும். கறுப்பு வால் மீனைக் கழுவவில்லை, அது செத்துப்போனது, நான் பொய் சொன்னேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். "அப்பம்மா பாவம், அவதான் மாத்தினவ" என்று பழியை அங்கே தள்ளிவிடாதீர்கள்.

மாமியிடமும் போங்கள். இனிக் கடைக்குப் போக வேண்டாம், உங்களைப் போகவிட்டது என் பிழை என்று நீங்களே சொல்லுங்கள், கணவரிடம் சொல்லி அனுப்பாமல். அவ இந்த மூன்று கிழமையும் பேரனின் முகத்தைப் பார்த்துக் கதைக்க என்ன பாடுபட்டா என்று ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள்.